உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது

போன மாதம் ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, கிட்-ல கமிட் அடிச்சேன், என்னமோ திறந்துடுச்சு, எதை அமுக்கினாலும் பீப் பீப்-ங்குது. வெளிய எப்படி வர்றது?"

கேட்டதுமே தெரிந்துவிட்டது. வி-ஐ. "எஸ்கேப் அமுக்கு, கோலன், அப்புறம் கியூ, அப்புறம் ஆச்சரியக்குறி, என்டர்" என்றேன். "ஹப்பா" என்றாள். அதோடு வைத்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அவள் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகள் இருபது பேருக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கப் போகிறாளாம். மவுஸ் கிடையாது, ஜன்னல் கிடையாது, வெறும் கறுப்புத் திரை. "அதுல எழுதறதுக்கு எந்த எடிட்டர் மாமா கொடுக்கலாம்? ஈசியா இருக்கணும்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது, "வி-ஐ-தான், வேற என்ன" என்று. இருபது வருடமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ சொல்ல வரவில்லை. "ரெண்டு நாள் டைம் கொடு" என்று வைத்துவிட்டேன். காரணம் ஒரு மனிதர்.

2004 என்று நினைக்கிறேன். நண்பனின் மொட்டைமாடி அறையில் நான்கு பழைய கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் இலவசமாக லினக்ஸ் வகுப்பு நடத்தினோம். வந்தவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள், ஒருவரைத் தவிர. ஐம்பதை நெருங்கியவர். அச்சகத்தில் வேலை. பத்து வருடம் வேர்ட்ஸ்டாரில் டைப் அடித்த விரல்கள். நாங்கள் அவரை "சார்" என்போம், அவரும் எங்களைச் "சார்" என்பார்.

இரண்டாவது வாரம் வி-ஐ. அவர் பழக்கப்படி உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்க ஆரம்பித்தார், "டியர் சார்" என்று. திரையில் வந்தது 'டியர்' இல்லை. அந்தச் சொல்லின் கடைசி எழுத்தான 'ஆர்' மட்டும், பிறகு 'சார்'. மனிதர் திகைத்துப் போனார். வி-ஐ தெரிந்தவர்களுக்கு இதில் மர்மம் எதுவும் இல்லை. அது திறக்கும்போது எழுதும் நிலையில் இருக்காது, கட்டளை நிலையில் இருக்கும். பெரிய 'டி' என்பது அழி என்ற கட்டளை. 'ஈ' என்பது சொல்லின் கடைசிக்கு நகர். 'ஏ' வந்த பிறகுதான் எழுதும் நிலை. ஆக மிஞ்சியது ஒரே ஒரு எழுத்து.

நான் விளக்குவதற்குள் அவர் விரல்கள் என்னென்னவோ அடித்தன. ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் ஒருத்தன், "சார், வி-ஐங்கிறது சக்கரவியூகம் மாதிரி. அபிமன்யுவுக்கு உள்ள போகத்தான் தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவரும் சிரித்தார். பிறகு குனிந்து சுவிட்சை அணைத்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

ஆக, அக்கா மகளின் கேள்விக்கு இந்த முறை ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று பழங்கதைகளைத் தோண்டினேன். தோண்டத் தோண்ட ஒரு விஷயம் புரிந்தது: இந்த எடிட்டர்களில் எதுவுமே வேண்டுமென்றே கஷ்டமாகச் செய்யப்படவில்லை. ஒவ்வொன்றும் அது பிறந்த இடத்தில், பிறந்த மெஷினில், ரொம்பவே சுலபமான பொருள்தான். இது கொஞ்சம் நீளும், டீ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

யூனிக்ஸ் பிறந்த 1969-இலேயே அதன் எடிட்டரும் பிறந்தது. பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் எழுதியது. பெயர் 'எட்'. இரண்டே எழுத்து. இன்றைக்கும் பல லினக்ஸ்களில் கிடைக்கும், அடித்துப் பாருங்கள். திரையில் ஒன்றுமே தெரியாது. தப்பாக ஏதாவது அடித்தால் ஒரே ஒரு கேள்விக்குறி காட்டும். என்ன தப்பு, எங்கே தப்பு, மூச்! ஊமைச்சாமியார் மாதிரி.

இதை வைத்து எத்தனையோ கிண்டல் உண்டு. ஆனால் அன்றைக்குத் திரையே கிடையாது என்பதை மறந்துவிடுகிறோம். டெலிடைப் என்ற தட்டச்சு மெஷின்தான் முனையம். நாம் அடிப்பதும் பேப்பரில், கம்ப்யூட்டர் சொல்வதும் பேப்பரில். டெலிடைப் மாடல் 33 வினாடிக்குப் பத்து எழுத்து அச்சடிக்கும். எழுபது எழுத்துள்ள ஒரு வரி அச்சாக ஏழு வினாடி. அந்த மெஷினில் "ஐயா, தாங்கள் அளித்த கட்டளை எனக்கு விளங்கவில்லை" என்று ஒரு எடிட்டர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் நாம்தான் அதை உதைத்திருப்போம். கேள்விக்குறி என்பது நேரத்தையும் பேப்பரையும் மிச்சப்படுத்திய கருணை.

பிறகு திரை வந்தது. லண்டனில் குயின் மேரி கல்லூரியில் ஜார்ஜ் கூலூரிஸ் என்பவரிடம் திரையுள்ள முனையங்கள் இருந்தன. திரை இருக்கும்போது எழுதிக்கொண்டிருக்கும் வரியைக் கண்ணால் பார்த்துத் திருத்தினால் என்ன என்று எட்-ஐ மாற்றி எழுதினார். அந்தச் சமயம் கென் தாம்ப்சன் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தாராம். பார்த்துவிட்டு, இப்படிப்பட்டவற்றை முன்பே பார்த்திருப்பதாகவும், தனக்கு அதற்குத் தேவையே தோன்றவில்லை என்றும், திருத்தும்போது கோப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியதில்லை என்றும் சொன்னாராம். கூலூரிஸ் பின்னாளில் சொன்ன செய்தி இது. இவரும் நாமும் ஒரே ஜாதி இல்லை என்று முடிவு கட்டி, தன் எடிட்டருக்கு 'எம்' என்று பெயர் வைத்தார். விரிவு: சாதாரண மனிதப் பிறவிகளுக்கான எடிட்டர். எட் தேவர்களுக்கு, எம் நமக்கு!

ஆரம்ப நிலை ஆட்களை நினைத்து யூனிக்ஸ் உலகில் செய்த முதல் காரியங்களில் ஒன்று இது என்று சொல்லலாம். அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1976 கோடையில் கூலூரிஸ் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போகிறார், எம் இருக்கும் டேப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு. அங்கே ஒரு மாணவர் அதைப் பார்த்து ஆர்வமாகிறார். பெயர் பில் ஜாய். அவரும் சக் ஹேலி என்ற இன்னொரு மாணவரும் அதிலிருந்து யோசனைகளை எடுத்து 'எக்ஸ்' என்ற எடிட்டரைச் செய்கிறார்கள். அந்த எக்ஸின் திரைமுகம்தான் வி-ஐ.

புரிகிறதா? உலகத்திலேயே புதியவர்களை அதிகம் அழவைத்த எடிட்டர், மனிதப் பிறவிகளுக்கான எடிட்டரின் வாரிசு.

பில் ஜாய் மேல் தப்பு சொல்லவும் முடியாது. அவர் வேலை செய்தது 300 பாட் மோடம் வழியாக. வினாடிக்கு ஏறக்குறைய 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து என்றால் ஒரு திரை நிறைய 1920 எழுத்து. முழுத்திரையை ஒரு தடவை புதுப்பிக்க ஒரு நிமிடத்துக்கும் மேலே! அப்படிப்பட்ட கம்பியில் வேலை செய்பவன் மெனு கினு என்று திரையில் அலங்காரம் செய்வானா? ஒற்றை எழுத்தில் கட்டளை, திரையில் அதிகம் எதையும் மாற்றாதே, அதுதான் புத்திசாலித்தனம். அவர் உட்கார்ந்த ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் அம்புக்குறி விசைகள் தனியாகக் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகள் மேல்தான் அம்பு வரைந்திருக்கும். அதனால்தான் வி-ஐயில் இன்றைக்கும் அந்த நான்கும் நகர்த்துகின்றன. எஸ்கேப் விசையோ, இன்றைய கீபோர்டில் டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்றைக்கு அது எங்கேயோ மூலையில். வீட்டை இடித்துக் கட்டிய பிறகும் பழைய வாசல் இருந்த திசையிலேயே நடந்து முட்டிக்கொள்கிற மாதிரி நாம் அந்த எஸ்கேப்பை எட்டி எட்டி அடிக்கிறோம்.

இதெல்லாம் எனக்கு 2004-இல் தெரியாது. தெரிந்திருந்தால் "வி-ஐ கஷ்டமா இருக்குன்னா உங்களுக்குப் பொறுமை இல்லைன்னு அர்த்தம்" என்று அந்த வகுப்பில் பேசியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் தெரியாது. அதுதான் இப்போது நெருடுகிறது.

வேர்ட்ஸ்டார் 1978-இல் வந்தது. மைக்ரோப்ரோ கம்பெனிக்காக ராப் பார்னபி எழுதியது. அதுவும் அம்புக்குறி இல்லாத கீபோர்டுகளின் காலம்தான். ஆனால் அவர் வேறு வழியில் போனார். எழுத்தை அடித்தால் எழுத்து விழும், எப்போதும். கட்டளை வேண்டுமா, கன்ட்ரோலைச் சேர்த்து அமுக்கு. இரண்டு நிலை என்ற தலைவலியே கிடையாது. அது மட்டுமில்லை, திரையின் மேல்பகுதியில் எந்த விசை என்ன செய்யும் என்ற பட்டியல் எழுதியே இருக்கும். பழகிவிட்டதா, உதவி அளவைக் குறைத்துப் பட்டியலை மறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வாசலில் 'வேர்ட்ஸ்டார் கற்றுத்தரப்படும்' என்ற போர்டு தொங்கிய காலத்தில் கற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். முப்பது வருடம் கழித்தும் விரல் மறக்காது. சேமித்து வெளியே வர கன்ட்ரோல்-கே, எக்ஸ்.

அந்த அச்சகத்துக்காரர் தடுமாறி அடித்துக்கொண்டிருந்தது அதைத்தான். கன்ட்ரோலும் கே-யும். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது என்னவென்று புரியவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நாங்கள் வைத்திருந்த லினக்ஸ் சிடியிலேயே 'ஜோ' என்ற எடிட்டர் இருந்தது. ஜோசப் ஆலன் என்பவர் எழுதியது. அதன் விசைகள் பெரும்பாலும் வேர்ட்ஸ்டார் வழி. கன்ட்ரோல்-கே, எக்ஸ் அடித்தால் சேமித்து வெளியே வந்துவிடும். கன்ட்ரோல்-கே, எச் அடித்தால் உதவி விரியும். ஜோ என்று மூன்று எழுத்து அடிக்கச் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றைக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போல நுழைந்திருப்பார். எனக்கு ஜோ என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்திருந்தாலும் 'அதெல்லாம் சின்னப் பசங்க எடிட்டர்' என்றுதான் சொல்லியிருப்பேன். அப்போது அவ்வளவு திமிர்.

சரி, பைக்கோவுக்கு வருவோம்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம். 1989. அங்கே அலுவலக ஊழியர்களுக்கு மின்னஞ்சல் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பு படிக்காதவர்கள். ஏற்கெனவே இருந்த எல்ம் என்ற அஞ்சல் நிரலைத் தட்டிக்கொட்டிப் பார்த்து, கடைசியில் 'பைன்' என்ற புதியதைச் செய்தார்கள். அதில் கடிதம் எழுதும் பகுதிக்கு டேவ் கான்ராய் எழுதிய மைக்ரோஈமாக்ஸ் என்ற சின்ன எடிட்டரை எடுத்து, இன்னும் சின்னதாக்கி உள்ளே வைத்தார்கள். அதுதான் பைக்கோ, பைன் கம்போசர் என்பதன் சுருக்கம். பிறகு தனியாகவும் கொடுத்தார்கள்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15-இல் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது ஷெல் கணக்கு என்று ஒன்று உண்டு. படம் கிடையாது, வெறும் எழுத்துத் திரை. மோடம் கத்தி முடித்ததும் மெனு வரும், அஞ்சல் என்றால் பைன். என் முதல் மின்னஞ்சலை அதில்தான் எழுதினேன். யாருமே சொல்லிக் கொடுக்கவில்லை. எழுதினேன், அனுப்பினேன். அதற்குள் ஒரு எடிட்டர் இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிய இன்னும் ஐந்து வருடம் ஆயிற்று. ஒரு எடிட்டருக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

அதன் ரகசியம் திரையின் கடைசி இரண்டு வரி. கன்ட்ரோல்-ஜி உதவி, கன்ட்ரோல்-ஓ எழுதிவை, கன்ட்ரோல்-டபிள்யூ தேடு, கன்ட்ரோல்-கே வெட்டு, கன்ட்ரோல்-எக்ஸ் வெளியே போ. பன்னிரண்டு கட்டளை, எப்போதும் கண்முன்னே. வேலை ஒன்றைச் செய்யப் போனால் அந்த இரண்டு வரியும் அதற்கேற்ப மாறும். 'வெளியே வருவது எப்படி' என்பதை மனப்பாடம் செய்யாமலே வெளியே வரலாம். 300 பாட் கம்பியில் பில் ஜாய்க்கு இந்த இரண்டு வரி ஆடம்பரம், அனுப்பவே ஐந்து வினாடிக்கு மேல். பதின்மூன்று வருடம் கழித்து சியாட்டிலில் அது ஆடம்பரம் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சேமிப்பதற்கு ஏன் கன்ட்ரோல்-எஸ் இல்லை, இது என்ன ஓ என்று கேட்பார்கள். அதற்கும் நம் டெலிடைப் தாத்தாதான் பதில். அந்தக் காலத்தில் எதிர்ப்பக்கம் வேகமாக அனுப்பினால் 'நிறுத்து' என்பதற்கு கன்ட்ரோல்-எஸ், 'விடு' என்பதற்கு கன்ட்ரோல்-கியூ. முனையங்களில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கறுப்புத் திரையில் இன்றைக்கும் கன்ட்ரோல்-எஸ் அமுக்கினால் பல இடங்களில் திரை செத்த மாதிரி உறைந்து நிற்கும். சேமிக்கிறேன் பேர்வழி என்று அமுக்கிவிட்டு, கம்ப்யூட்டர் தொங்கிவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்தவர்கள் எத்தனை பேரோ.

இப்படி நல்ல பொருளாக இருந்த பைக்கோவுக்கு வேறு ரூபத்தில் சிக்கல் வந்தது. உரிமம். மூல நிரலைப் பார்க்கலாம், ஆனால் மாற்றியதை வெளியிடப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும் என்று நிலைமை. ஒவ்வொரு பொட்டலத்தையும் கொஞ்சமாவது மாற்றித்தான் டெபியன் போன்றவர்கள் சேர்ப்பார்கள். அதனால் டெபியனில் மற்றவற்றைப் போல ஒரே கட்டளையில் தயார்நிலையில் பைக்கோ கிடைக்காது. உரிமம் என்பது வக்கீல்கள் சமாச்சாரம் என்று நாம் கடந்து போய்விடுகிறோம். அதன் விளைவு என்னவென்றால், புதிதாக லினக்ஸ் போட்டவன் முதல் தடவை ஒரு கோப்பைத் திருத்தப் போகும்போது எதிரில் நிற்பது வி-ஐ.

1999 கடைசியில் கிறிஸ் அலெக்ரெட்டா பைக்கோ மாதிரியே ஒன்றை முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். 'டிப்' என்று பெயர், 'டிப் பைக்கோ இல்லை' என்று விரிவு. இப்படித் தன்னையே உள்ளே வைத்துப் பெயர் சூட்டுவது அந்தக் கூட்டத்தின் பழைய வியாதி :-) ஆனால் டிப் என்ற பெயரில் யூனிக்ஸில் ஏற்கெனவே வேறொரு கருவி இருந்தது. 2000 ஜனவரி 10 அன்று 'நானோ' என்று மாற்றினார். அளவைக் கணக்கில் பைக்கோவைவிட நானோ ஆயிரம் மடங்கு பெரிது, அதுதான் ஜோக். 2001-இல் குனு திட்டத்தில் சேர்ந்தது. (2016-இல் கோபித்துக்கொண்டு வெளியே போய்ச் சில மாதத்தில் திரும்பி வந்தது தனிக்கதை.) விசைகள் பைக்கோவுடையவையே, கடைசி இரண்டு வரியும் அதேதான். கூடவே தேடி மாற்றுதல், இத்தனையாவது வரிக்குப் போ என்பது, நிரல்களுக்கு வண்ணம் எல்லாம் வந்தன. டெபியனும் உபுண்டுவும் அதையே முன்னிருப்பாக வைத்துக்கொண்டன.

இங்கே நானோவுக்கு மாலை போட்டு முடித்துவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஏனென்றால் நானோ என்னையும் ஒரு தடவை கவிழ்த்திருக்கிறது.

2005 வாக்கில், தெரிந்தவர் ஒருவரின் சின்ன அலுவலகம். ஒரே ஒரு லினக்ஸ் சர்வர், அதில்தான் அவர்களின் கணக்கு எல்லாம். பூட் ஆகும் அமைப்புக் கோப்பில் கர்னல் வரியின் கடைசியில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். அவர்களின் ஆளுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக நானோவில் திறந்தேன். சொல்லைச் சேர்த்தேன், சேமித்தேன், ரீபூட் செய்தேன். பிழைச் செய்தி, அதோடு நின்றுவிட்டது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சம்பளக் கணக்கு போட வேண்டிய பெண் பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு லைவ் சிடி போட்டுத் திறந்து பார்த்தால், நான் எழுதிய அந்த ஒரு வரி இரண்டு வரியாக உடைந்திருக்கிறது. கடைசிச் சொல் கீழே தனியாக நிற்கிறது, பூட் லோடருக்கு அது என்னவென்றே தெரியவில்லை.

நான் என்டர் அடிக்கவில்லை. உடைத்தது நானோ. திரை ஓரத்தைத் தொட்டதும் நீண்ட வரியை நிஜமாகவே வெட்டி அடுத்த வரியில் போட்டுவிடும், அன்றைய நானோவின் முன்னிருப்பு அது. ஏன்? ஏனென்றால் பைக்கோ அஞ்சல் எழுதப் பிறந்தது. கடிதத்தில் வரி நீளாமல் தானாக மடிவது ஒரு சௌகரியம். அமைப்புக் கோப்பில் அதே சௌகரியம் வெடிகுண்டு. ஜென்டூ லினக்ஸின் கையேட்டில் நானோவுக்குப் பின்னால் எப்போதும் 'கழித்தல் டபிள்யூ' என்று ஒன்று ஒட்டியிருக்கும், பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வரியை மடிக்காதே என்பதுதான் அது. ஏதோ மந்திரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். 2019-இல் வந்த நானோ 4.0-இல்தான் இந்தப் பழக்கத்தை முன்னிருப்பிலிருந்து எடுத்தார்கள். சியாட்டில் ஊழியர்களின் கடிதத்துக்காகச் செய்த ஒரு ஏற்பாடு, எங்கேயோ ஒரு சம்பளக் கணக்கை ஐந்து மணி நேரம் நிறுத்தியிருக்கிறது. அந்தப் பெண் எட்டரை மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார். காப்பி வேண்டுமா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. நியாயம்தான்.

மற்றதெல்லாம் சமீபக் கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வி-ஐயிலிருந்து வெளியே வருவது எப்படி என்று 2012-இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்ட கேள்வியைப் பத்து லட்சம் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள் என்று 2017-இல் அந்தத் தளமே எழுதிச் சிரித்தது. 2020 அக்டோபரில் ஃபெடோரா 33 தன் முன்னிருப்பை வி-ஐயிலிருந்து நானோவுக்கு மாற்றியது. ஆப்பிள் எதிர்த்திசையில் போயிற்று. 2022-இன் மேக்ஓஎஸ் 12.3 முதல் நானோ என்று அடித்தால் திறப்பது பைக்கோ! பைனின் வாரிசான ஆல்பைன் 2007-இல் அப்பாச்சி உரிமத்தில் வந்ததால் பைக்கோவின் பழைய உரிமச் சிக்கல் தீர்ந்துபோயிருந்தது. 2025-இல் மைக்ரோசாப்ட், 64 பிட் விண்டோஸில் கட்டளை வரி எடிட்டரே இல்லாத குறையைப் போக்க 'எடிட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 250 கேபிக்கும் குறைவு. நிலைகள் கிடையாது, மேலே மெனு. வி-ஐயிலிருந்து வெளியேறத் தெரியாத அந்தப் பழைய ஜோக்கை அவர்களும் காரணமாகக் குறிப்பிட்டார்கள். டாஸில் எடிட் பழகியவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும்.

'மைக்ரோ' என்றும் ஒன்று இருக்கிறது. கன்ட்ரோல்-எஸ் சேமிக்க, கன்ட்ரோல்-கியூ வெளியேற, கன்ட்ரோல்-சி காப்பி, மவுஸும் வேலை செய்யும். இன்றைய பிள்ளைகளின் விரல்களுக்கு, அந்த அச்சகத்துக்காரருக்கு ஜோ எப்படியோ அப்படி. ஒரே குறை, பெரும்பாலான இடங்களில் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். வேறு யாருடைய சர்வரிலோ நுழையும்போது அது அங்கே இருக்காது.

தமிழ் எழுதலாமா என்று கேட்பீர்கள். 2006-இல் வந்த நானோ 2.0 முதல் யூடிஎஃப்-8 உண்டு, ஆகவே கோப்பில் தமிழ் பத்திரமாக இருக்கும். திரையில் எப்படித் தெரியும் என்பது முனையத்தின் கையில். பல முனையங்களில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கர்சர் மூன்றாவது பக்கம் நிற்கும். இதைக்கூட நான் நானோவில் ஆரம்பித்து, பாதியில் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா மகளுக்கு எழுதி அனுப்பினேன். நானோ கொடு. முதலில் என்ன பதிப்பு என்று பார், 4.0-க்கு முந்தையது என்றால் கழித்தல் டபிள்யூ சேர்க்கச் சொல். கிட்-டுக்கும் நானோதான் எடிட்டர் என்று அமைத்துக் கொடு, இல்லாவிட்டால் உனக்கு நடந்தது அவர்களுக்கும் நடக்கும். யாராவது பையனுக்கு மைக்ரோ பிடித்திருந்தால் தடுக்காதே. வி-ஐ சொல்லித் தராதே, ஆனால் அதிலிருந்து வெளியே வருவதை மட்டும் முதல் நாளே போர்டில் எழுதிவிடு. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், நீ சிரிக்காதே.

"கடைசி வரி எதுக்கு மாமா?" என்று கேட்டாள். அச்சகத்துக்காரரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அந்த ஜோ இப்பவும் கிடைக்குதா?" என்றாள். கிடைக்கிறது.

வகுப்பு நடந்த அன்று மத்தியானம் மெசேஜ் வந்தது. "மாமா, நானோல எல்லாரும் எழுதிட்டாங்க. ஒரு பொண்ணு மட்டும் நானோவ விட்டு வெளிய வந்தப்புறம் பழக்கத்துல கன்ட்ரோல்-எஸ் அமுக்கிட்டா. ஸ்கிரீன் உறைஞ்சு போச்சு."

"கன்ட்ரோல்-கியூ" என்று அனுப்பினேன்.

"வந்துடுச்சு! ஏன் அப்படி?"

"டெலிடைப்னு ஒண்ணு இருந்துச்சு" என்று அடிக்க ஆரம்பித்தேன். பிறகு அழித்துவிட்டு, "கிளாஸ முடிச்சுட்டு போன் பண்ணு" என்றேன்.